நிகழ்வு ஆய்வு: ‘ஷூட் த புல்லட்’ ஏழாம் லெவலில் சிக்கிக்கொண்ட ஒருவர்

தோட்டா மழைக்கு நடுவே புகைப்படம் எடுக்கும் ஒரு பழைய ஜப்பானிய கேமில் பல வாரங்களாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரை, பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததன் பதிவு இது. இதே இடத்தில் நிற்கும் பலரை எனக்குத் தெரியும். எல்லோரும் “எனக்கு கை வேகம் போதாது” என்றே சொல்கிறார்கள். கை வேகத்துக்கும் இதற்கும் அவ்வளவாகத் தொடர்பில்லை என்பதைக் காட்டத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். விளையாடியவரின் அனுமதி உண்டு. பெயர் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: இந்த கேமில் என்ன நடக்கிறது

‘ஷூட் த புல்லட்’ 2005 டிசம்பர் 30 அன்று, டோக்கியோவில் நடந்த 69ஆவது காமிக்கெட்டில் (சொந்தமாக வெளியிடும் படைப்புகளுக்கான சந்தை) வெளியானது. நிரல், இசை, ஓவியம், கதை எல்லாவற்றையும் ஸுன் என்ற புனைபெயர் கொண்ட ஒரே மனிதர் செய்துவரும் தோஹோ என்ற ஷூட்டிங் கேம் வரிசையில் இது 9.5ஆவது. எண்ணில் அந்த அரை இருப்பதற்குக் காரணம், இது வரிசையின் வழக்கமான கேம்களிலிருந்து விலகி நிற்பதுதான்.

வழக்கமான தோஹோவில் நாமும் சுடுவோம், எதிரியும் சுடுவார். இதில் நம்மிடம் ஆயுதமே கிடையாது. நாம் அயா ஷாமெய்மாரு. தெங்கு (ஜப்பானியக் கதைகளில் வரும் பறக்கும் பூதம்) இனத்தவர், சொந்தமாகச் செய்தித்தாள் நடத்தும் நிருபர். கையில் இருப்பது ஒரு கேமரா. ஒவ்வொரு காட்சியிலும் ஒரு பாஸ் (முக்கிய எதிரி), அவருடைய ஒரே ஒரு தாக்குதல். அவரைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் படம் எடுத்துவிட்டால் காட்சி முடிந்தது. ஒரு தோட்டா பட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கூடுதல் உயிர், வெடிகுண்டு எதுவும் இல்லை. பத்து லெவல், அதற்கு மேல் ஒரு எக்ஸ்ட்ரா, மொத்தம் 85 காட்சிகள்.

கேமராவின் விதிகளைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒரு படம் எடுத்ததும் ஃபிலிம் காலியாகிவிடும். அது தானாக மெதுவாகச் சுற்றிக்கொண்டு 100 விழுக்காட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த படம். ஷிஃப்ட் விசையையும் ஸெட் (Z) விசையையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஃபிலிம் விரைவாகச் சுற்றும், ஆனால் அந்த நேரம் முழுக்க அயா ஊர்ந்துதான் நகர்வார். எக்ஸ் (X) விசையை அழுத்தினால் மிக வேகமாகப் பறப்பார். ஃபிலிம் தயாரானதும் ஸெட்டைத் தட்டினால் உடனே படம் விழும். அழுத்திப் பிடித்தால் காலம் மெதுவாகி, ஃபிரேமை நாமே நகர்த்தி வைக்கலாம். பிடித்திருக்கும் வரை ஃபிரேம் சுருங்கிக்கொண்டே போகும்.

ஃபிரேமுக்குள் இருக்கும் தோட்டாக்கள் படம் எடுத்த நொடியில் மறைந்துவிடும். அதாவது, கேமராதான் கேடயமும். பாஸ் ஃபிரேமுக்குள் இல்லாவிட்டால் அந்தப் படம் கணக்கில் சேராது. ஆனால் தோட்டாக்கள் அப்போதும் மறையும்.

வந்தவரின் நிலை

எனக்குத் தங்கை முறையாகும் உறவுப்பெண், கல்லூரி இறுதியாண்டு. தோஹோவுக்குப் புதியவர் அல்ல. 2004இல் வந்த ‘இம்பெரிஷபிள் நைட்’ என்ற தோஹோ கேமை ‘நார்மல்’ கடினநிலையில் முடித்தவர். அதன் பாஸ்கள் பலர் இதிலும் வருவதால், “தெரிஞ்ச ஆளுங்கதானே” என்று ஆரம்பித்திருக்கிறார்.

முதல் மூன்று லெவல்கள் சுலபமாகப் போயின. நான்கிலிருந்து ஆறு வரை தட்டுத்தடுமாறி வந்தார். ஏழாம் லெவலில் சகுயா என்ற பாஸிடம் அப்படியே நின்றுவிட்டது. வல்லவர்கள் விளையாடும் வீடியோக்களைப் பார்த்து, அவர்கள் நகர்ந்த வழியிலேயே நகர முயன்றிருக்கிறார். பலிக்கவில்லை. பல தாக்குதல்களில் தோட்டாக்கள் நாம் நிற்கும் இடத்தைக் குறிவைத்து வருபவை. நாம் சற்றே தள்ளி நின்றால்கூட வடிவம் மாறிவிடும். அண்ணன் ஒருவர், விடாமல் ஆடினால் தானாக வரும் என்று சொல்லியிருக்கிறார். அதையும் செய்து பார்த்து, கை வலிதான் மிச்சம் என்ற நிலையில் என்னிடம் வந்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான்: “எனக்கு ரிஃப்ளெக்ஸ் கம்மியாண்ணா? அப்படின்னா சொல்லிடுங்க, விட்டுடறேன்.”

கவனித்தது

முதல் சில அமர்வுகளில் நான் எதுவும் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். யோசனை சொல்ல ஆரம்பித்தால் அவர் எனக்காக ஆடுவார், அவருடைய இயல்பான ஆட்டம் மறைந்துவிடும். திரையைப் பதிவு செய்யச் சொல்லி, ஒவ்வொரு தோல்வியின் கடைசி சில நொடிகளையும் பிறகு மெதுவாக ஓட்டிப் பார்த்தோம்.

முதலில் தெரிந்தது அவர் நிற்கும் இடம். திரையின் அடிவிளிம்பை விட்டு அவர் மேலே வருவதே இல்லை. சாதாரண ஷூட்டிங் கேமில் அது நல்ல பழக்கம். நம் தோட்டா எவ்வளவு தூரமும் போகும், எதிரியின் தோட்டா நம்மிடம் வர நேரமெடுக்கும். இங்கே நம் ஃபிரேம் அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே அவர் கீழே நின்று ஃபிலிம் சுற்றுவார், 100 ஆனதும் எக்ஸை அழுத்தி மேலே பாய்வார், படம் எடுப்பார், மறுபடி கீழே பாய்வார். பதிவுகளில் பாதிக்கு மேல் மரணம் அந்தத் திரும்பும் ஓட்டத்தில்தான். ஃபிலிம் பூஜ்யம், வேகம் உச்சம், எதிரே தான் பார்த்தே இராத தோட்டா வரிசை.

இரண்டாவது, ஃபிலிம் நிரம்பிய மறுகணமே சுட்டுவிடுவார். அது ஒரு அரிப்பு மாதிரி. கையில் நிறைந்த ஃபிலிமோடு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. பாஸின் தாக்குதல் அடங்கியிருக்கும் நேரத்தில், திரையில் பத்துப் பதினைந்து தோட்டாக்கள் இருக்கும்போது படம் எடுத்துவிட்டு, அடுத்த அலை வரும்போது வெறுங்கையோடு நிற்பார்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சற்று நாளானது. ஷிஃப்டும் ஸெட்டும் பிடித்துக்கொண்டு மேல்-இடமாகச் சாய்ந்து நகர வேண்டிய தருணங்களில் அயா நேர் இடப்பக்கமாக மட்டுமே போனார். நான் முதலில் பதற்றம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வலப்பக்கச் சாய்வில் இது நடக்கவே இல்லை. பதற்றத்துக்கு இடம் வலம் தெரியாதே!

முதலில் கீபோர்டு

நோட்பேடைத் திறந்து கர்சரை வைத்துச் சோதித்தோம். அவருடைய லேப்டாப்பில் ஷிஃப்ட், ஸெட், இட அம்பு மூன்றும் பிடித்திருக்கும்போது மேல் அம்பு வேலை செய்யவில்லை. இது பழுது அல்ல. விலை குறைந்த கீபோர்டுகளில் விசைகள் ஒரு வலைப்பின்னல் போல இணைக்கப்பட்டிருக்கும். சில கூட்டணிகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் எது அழுத்தப்பட்டது என்று அதனால் பிரித்தறிய முடியாது, எனவே கடைசி விசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தட்டச்சு செய்பவருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. ஃபிலிம் சுற்றுவதற்கே இரண்டு விசைகள் போய்விடும் இந்த கேமில்தான் அது உயிரை எடுக்கும்.

சரி, என்ன செய்வது? வெளியே இன்னொரு கீபோர்டு வாங்கலாம், அதுவும் இதே மாதிரி இருக்க வாய்ப்புண்டு. கேம்பேடை இந்த கேம் ஏற்கிறது. தம்பியின் பழைய கேம்பேட் ஒன்று வீட்டில் இருந்தது. அதையே இணைத்து, ஷிஃப்டின் வேலைக்கும் ஸெட்டின் வேலைக்கும் வெவ்வேறு விரல்கள் வரும்படி பொத்தான்களை அமைத்தோம். இடக்கையின் வலியும் இதனால் குறைந்தது. கீபோர்டுக்குத் திரும்ப வேண்டி வந்தால் உதவட்டும் என்று விண்டோஸின் ஸ்டிக்கி கீஸையும் அணைத்து வைத்தோம். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் எழும் அந்தப் பெட்டி எத்தனை பேரின் ஆட்டத்தைக் கெடுத்திருக்கும்!

கேம்பேட் வந்த பிறகும் சகுயா விழவில்லை. அதனால் இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது தீராமல் மற்றவை எதையும் தெளிவாகப் பார்த்திருக்க முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேகத்தைக் குறைத்து ஆடவைக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தோம். மெதுவாக ஆடினால் தோட்டாக்களின் இடம் மனப்பாடமாகும். ஆனால் இவருக்குக் குறைவாக இருந்தது ஃபிலிம் எப்போது நிரம்பும், அலை எப்போது வரும் என்ற தாள உணர்வு. அதை வேறொரு வேகத்தில் பழகிப் பயனில்லை.

அடுத்து, ஏழாம் லெவலைத் தொடவே கூடாது. ஒன்றாம், இரண்டாம் லெவல்களுக்குத் திரும்ப வேண்டும். இங்கே அவர் முகம் வாடிவிட்டது. முடித்த இடத்துக்கே போவது தண்டனை போலத் தெரிந்திருக்கும். அதனால் அங்கே போய் முடிப்பது இலக்கு அல்ல என்று விளக்கினேன். முடித்தால் மகிழ்ச்சி, முடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. வேறொரு வேலை வைத்திருந்தேன்.

இந்த கேமின் மதிப்பெண் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். வெறும் அலங்காரம் என்று பலர் கண்டுகொள்வதில்லை. படத்தில் எத்தனை தோட்டாக்கள், எந்த நிறங்கள், பாஸ் எவ்வளவு நடுவில், தோட்டா உரசும் தூரத்தில் எடுத்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு. அதில் ஒன்று, அயாவும் பாஸும் ஒரே படத்தில் விழுவது. அதற்கான கூடுதல் புள்ளியைத்தான் பயிற்சிக் கருவியாக எடுத்தோம். அந்த முதல் லெவல்களின் பாஸ்களான ரிகிள், ரூமியா, சிர்னோ ஆகியோரின் காட்சிகளில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அயாவும் இருக்க வேண்டும். இதுதான் விதி.

காரணம் எளிது. “மேலே போய் நில்” என்று நூறு முறை சொன்னாலும் கால் கீழேயே இழுக்கும். அயா படத்தில் இருக்க வேண்டுமென்றால் பாஸுக்கு அருகில் போயே தீர வேண்டும், ஸெட்டைப் பிடித்து ஃபிரேமைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். விதி தானாகவே அவரை மேலே கொண்டுபோகும்.

முதல் நாள் அழாக்குறையாக இருந்தது. “மேலே போனா செத்துடுவேண்ணா” என்றார். செத்தார், பல முறை. செத்தாலும் ஒரு காட்சி திரும்ப வர ஓரிரு நொடிதான். அதனால்தான் இந்த கேமில் இப்படிப் பழக முடிகிறது.

சில நாட்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. அவர் அடிவிளிம்புக்குத் திரும்புவதை நிறுத்திவிட்டார். பாஸின் காலடியிலும் நிற்கவில்லை. அங்கே தோட்டாக்கள் பிரிவதற்கு முன்பே நம்மேல் வந்துவிடும், அதுவும் ஆபத்து. அவராகவே ஒரு நடுத்தூரத்தைக் கண்டுகொண்டார். நின்ற இடத்திலிருந்தே ஸெட்டைத் தட்டினால் ஃபிரேமின் மேல் ஓரம் பாஸைத் தொடும் தூரம் அது. அங்கே நின்றால் படம் எடுக்க ஓட வேண்டாம், எடுத்துவிட்டுத் திரும்பவும் ஓட வேண்டாம்.

அப்புறம்தான் இரண்டாவது பயிற்சி. ஃபிலிம் 100 ஆன பிறகு உடனே எடுக்கக் கூடாது. அடுத்த அலை வந்து, வழி அடைபடப் போகிறது என்று தோன்றும் வரை காத்திருந்து எடுக்க வேண்டும். பாஸும் உள்ளே இருக்கும், தோட்டாக்களும் அழியும். ஒரே படம், இரண்டு வேலை. தட்டிய உடனே விழும் படத்தில்தான் ஃபிரேம் மிகப் பெரியது என்பதால், காத்திருந்து சட்டென்று தட்டும்போது அழியும் பரப்பும் அதிகம். நிரம்பிய ஃபிலிமை இந்த கேம் கொடுக்கும் ஒரே கூடுதல் உயிர் என்று நினைக்கச் சொன்னேன். அமைதியான நேரத்தில் அதைச் செலவழிப்பது அவருக்கே பிறகு வீணாகத் தெரிந்தது.

சகுயாவின் கத்திகள்

இந்த இரண்டும் பழகிய பிறகுதான் ஏழாம் லெவலுக்குத் திரும்பினோம். அவரை நிறுத்திவைத்திருந்தது சகுயாவின் ‘இன்ஃப்ளேஷன் ஸ்கொயர்’ என்ற தாக்குதல். சகுயா காலத்தை நிறுத்துபவர். காலம் நின்ற இடைவெளியில் கத்திகள் திரையை நிறைக்கும். மறுபடி ஓடத் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாக நகரும்.

பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்து ஓட்டினோம். பழையதில் அவர் சகுயா சும்மா மிதக்கும்போது ஒரு படம் எடுக்கிறார். ஃபிலிம் பூஜ்யம். கீழே ஓடுகிறார். காலம் நிற்கிறது, கத்திகள் வருகின்றன, ஃபிலிம் இன்னும் பாதிகூட ஏறவில்லை. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு வேகமாகக் கையை அசைத்தாலும் போக இடமில்லை. அந்த ஆட்டம் கத்தி வருவதற்கு முன்பே, அந்த அவசரப் படத்தில் முடிந்துவிட்டது. “ரிஃப்ளெக்ஸ் கம்மியா” என்ற கேள்விக்கான பதில் அந்தப் பதிவில் இருந்தது. அவரே அதைச் சொன்னார்.

புதியதில் நடுத்தூரத்தில் நிற்கிறார். சகுயா மிதக்கும்போது ஷிஃப்டும் ஸெட்டுமாக ஃபிலிமைச் சுற்றி முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். காலம் நிற்கிறது. கத்திகள் நிறைகின்றன. அவர் அசையவில்லை. ஓடத் தொடங்கிய கணத்தில் ஒரு தட்டு. சகுயா படத்துக்குள், முன்னே இருந்த கத்திகள் காணோம். அந்தத் திறந்த வெளிக்குள் நகர்ந்து மிச்சக் கத்திகளைப் போகவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்குகிறார்.

அன்றே முடிக்கவில்லை. முறை சரியாக வந்த பிறகும் கடைசிப் படத்தில் அவசரம் தலைகாட்டியது. அடுத்த அமர்வில் முடிந்தது. திரையில் அயாவின் குறிப்பு வந்தபோது அவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார். எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை.

அதன் பிறகு

ஏழாம் லெவலின் மற்ற காட்சிகளில் பெரும்பாலானவை விரைவில் விழுந்தன. எட்டாவதில் ரான், யுயுகோ இருவரிடமும் முன்பு போல முட்டிமோதவில்லை. ஒன்பதில் எய்ரின், காகுயா காட்சிகள் சில இன்னும் மிச்சம் இருக்கின்றன. பத்தாவது திறந்துவிட்டது. 85இல் எல்லாவற்றையும் முடிக்கவில்லை, முடிக்க வேண்டும் என்றும் அவருக்கு இல்லை. ஒரு லெவலின் எல்லாக் காட்சிகளையும் முடிக்காமலே அடுத்த லெவல் திறக்கும். பிடிக்காத காட்சியைத் தள்ளிவைக்க கேமே இடம் கொடுக்கும்போது, அதைப் பயன்படுத்துவதில் குறை எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

எதிர்பாராத பக்கவிளைவு ஒன்று உண்டு. ‘இம்பெரிஷபிள் நைட்’டுக்கு ஒரு மாறுதலுக்காகத் திரும்பியபோது, பழக்கதோஷத்தில் மேலேறிப் போய் மூன்றாம் கட்டத்திலேயே உயிர்களை எல்லாம் இழந்தார். அங்கே நம் கையில் தோட்டா இருக்கிறது, தூரம் நம் பக்கம். ஒரு கேமின் நல்ல பழக்கம் இன்னொன்றில் கெட்ட பழக்கம். ஒரு மாலை ஆடிய பிறகு இரண்டையும் பிரித்துக்கொண்டார்.

இனி மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொருவர் வந்தால், ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே விசைச் சோதனை செய்துவிட வேண்டும். ஷிஃப்ட், ஸெட், இரண்டு அம்புகள், நான்கு சாய்வுகளிலும். சில நிமிட வேலை.

திரைப்பதிவில் மரணத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பது போதாது. அதற்கு முந்தைய படம் எடுத்த தருணத்திலிருந்து வெட்ட வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. மரணத்தின்போது ஃபிலிம் எத்தனை விழுக்காட்டில் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால், பேச வேண்டிய தேவையே பாதி குறையும்.

அயாவையும் படத்தில் சேர்க்கும் பயிற்சியை நான்காம் லெவலுக்கு முன்பே கொடுக்கலாம். முதல் மூன்று லெவல்கள் அடிவிளிம்பிலிருந்து பாய்ந்து பாய்ந்து எடுத்தாலும் முடிந்துவிடுகின்றன. அதுவே தவறான பழக்கத்தை உறுதிப்படுத்திவிடுகிறது.

தொடர்ந்து எந்த கேமுக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு: 2010இல் வந்த ‘டபுள் ஸ்பாய்லர்’ இதே கேமரா விதிகளின் மேல்தான் நிற்கிறது, இங்கே கற்றது அப்படியே உதவும். 2018இல் வந்த ‘வயலட் டிடெக்டர்’ வேறு மாதிரி. அதில் நாம் ஆடும் பாத்திரமான சுமிரேகோ கைபேசியில் படம் எடுப்பதோடு சுடவும் செய்வார், தூரத்தின் கணக்கே மாறிவிடும். அவர் இப்போது ‘டபுள் ஸ்பாய்லர்’ ஆரம்பித்திருக்கிறார். ஒன்பதாம் லெவலின் மிச்சக் காட்சிகளைப் பரீட்சை முடிந்த பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.